தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியர்: என்ன தகுதி வேண்டும், வகுப்பை எப்படி நடத்துவது?

மைக்கூடு கேட்டது:
வணக்கம். டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) முடித்திருக்கிறேன், ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு லோயர் கிரேடு பாஸ். பக்கத்து நர்சரி பிரைமரி பள்ளியில் 1 முதல் 5 வரை ஓவிய வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம், 35 பிள்ளைகள். ஓவிய ஆசிரியர் வேலைக்கே போக வேண்டுமென்றால் மேற்கொண்டு என்ன படிக்கணும்? இன்னொன்று, எதை வரையச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, தென்னை மரம்தான் வருகிறது. பெயின்ட் கொடுத்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் சாணி நிறம். என்ன செய்யலாம்?

கரும்பலகை:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கெனத் தனிப் பணியிடம் கிடையாது. 1 முதல் 5 வரை வகுப்பாசிரியரே எல்லாம் பார்க்க வேண்டும். ஓவிய ஆசிரியர் என்பது சிறப்பாசிரியர் (ஓவியம், தையல் போன்ற தனிப் பாடங்களுக்கான ஆசிரியர்) பணி, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில்தான். 2012-ல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்ததும் 6 முதல் 8-ம் வகுப்புக்குத்தான். வாரம் மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். ஆகவே சின்னப் பிள்ளைகளோடுதான் இருப்பேன் என்றால் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 1, அதன்பின் நியமனத் தேர்வு எழுதி இடைநிலை ஆசிரியராகி, ஓவியத்தை உங்கள் வகுப்புக்குள் கொண்டுவருவது. இரண்டு, தனியார் பள்ளி.

எதுவானாலும் லோயரோடு நிறுத்தாதீர்கள். அடுத்த நிலையான ஹையர் கிரேடு எழுதுங்கள், அதன்பின் கோடையில் நடக்கும் தொழிலாசிரியர் பயிற்சியை முடியுங்கள். டிடிசி என்பார்களே, அதுதான். சிறப்பாசிரியர் அறிவிப்பு எப்போது வந்தாலும் இந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். பெரிய சிபிஎஸ்இ பள்ளிகள் பிஎஃப்ஏ (கவின் கலை இளங்கலைப் பட்டம்) கேட்கும். அது சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நான்கு வருடப் படிப்பு.

தூரிகை:
மலையும் சூரியனும் வருவது பிள்ளைகள் குற்றமில்லை. "இயற்கைக் காட்சி வரை" என்று சொன்னால் கைக்குப் பழகியதுதான் வரும். தலைப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு காப்பி. "ஃப்ரீயா எது வேணா வரை" என்பது அதைவிட மோசம். கேள்வியைச் சுருக்குங்கள்: "காலையில் உங்க வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பெல்லாம் வரை. எது யாருடையது?" அறுந்த வார், தேய்ந்த குதிகால், தம்பியின் சின்ன ஷூ என்று 35 தாளும் 35 விதமாக வரும். மழையில் பஸ் நிறுத்தம், ரேஷன் கடை வரிசை, மேலிருந்து பார்த்த சாப்பாட்டுத் தட்டு எல்லாம் நன்றாக வேலை செய்யும். தயவுசெய்து போர்டில் மாதிரி வரைந்து காட்டாதீர்கள். நீங்கள் ஒரு செருப்பு வரைந்தால் வகுப்பு முழுக்க அதே செருப்புதான்.

சாணி நிறத்துக்குக் காரணம் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒரே கிண்ணத்தில் சேர்வது. ஒரு வகுப்புக்கு இரண்டு வண்ணமும் வெள்ளையும் போதும். இந்த வாரம் மஞ்சள், நீலம். அடுத்த வாரம் மஞ்சள், சிவப்பு. மஞ்சளை முதலில் ஊற்றி, நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் பாட்டில் காலியாகும், பச்சை வராது. நான்கு பேருக்கு ஒரு தட்டு, ஒரு தண்ணீர் டப்பா, ஆளுக்கொரு பழந்துணி. டப்பாவில் கால் பங்கு தண்ணீர் போதும், கவிழ்ந்தாலும் பெஞ்சோடு போகும். தூரிகை 10 அல்லது 12-ம் நம்பர் வாங்குங்கள். 2-ம் நம்பர் கொடுத்தால் பிள்ளை ஓரத்தில் கோடு போட்டே பீரியடை முடித்துவிடும். ஜெராக்ஸ் தாளில் தண்ணீர் வண்ணம் வேண்டாம், சுருண்டு கிழியும்; அதில் கிரேயான் மட்டும். வண்ணத்துக்குக் கெட்டிச் சார்ட்டை நான்காக வெட்டுங்கள்.

40 நிமிடத்தில் உங்கள் பேச்சு ஐந்து நிமிடம்தான். கடைசி எட்டு நிமிடம் கழுவ, காயவைக்க. அதை விட்டால் அடுத்த பீரியட் ஆசிரியர் உங்களோடு பேச மாட்டார் :)

வெண்டைக்காய் அச்சு 1, 2-ம் வகுப்புக்கு அருமை. ஆனால் வெட்டியதும் கொழகொழவென்று இருப்பதில் வண்ணம் வழுக்கும். முற்றிய காயாக வாங்கி, வெட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். வண்ணத்தைத் தட்டில் ஊற்றாமல் ஈர ஸ்பாஞ்சில் தடவி அதில் ஒற்றச் சொன்னால் ஐந்து இதழும் தெளிவாக விழும்.

புள்ளிக்கோலம்:
தூரிகை மேடம் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் காப்பியே கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கை பழகாத பிள்ளை, மனதில் இருப்பது தாளில் வராததால்தான் "எனக்கு வராது மிஸ்" என்று பென்சிலைப் போடுகிறது. 4, 5-ம் வகுப்புக்கு மாதம் ஒரு பீரியட் கோலம் கொடுங்கள். 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி: நடுவரிசை 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. முதல் பாதியில் எல்லோரும் ஒரே சிக்குக் கோலம். இரண்டாம் பாதியில் அதே 37 புள்ளியில் அவரவர் கோலம். கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும் என்பது மட்டும் விதி. விதி இறுக்கமாக இருப்பதால்தான் புதுசு வருகிறது. புள்ளி வரிசை கோணினால் கோலம் மூடாது, அதனால் முதலில் கட்டம் போட்ட நோட்டு.

மைக்கூடு:
நன்றி மேடம், நன்றி சார். 1-ம் வகுப்பில் சிலர் இன்னும் கிறுக்குகிறார்கள். 3-ல் ஒரு பையன் பஸ் வரைந்து உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் காலையும் வரைகிறான். திருத்தணுமா?

தூரிகை:
திருத்த வேண்டாம். கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு 1947-லேயே இதையெல்லாம் படிநிலைகளாகப் பிரித்து எழுதிவிட்டார். கிறுக்கல் 2 முதல் 4 வயது வரை, 4 முதல் 7-க்குள் தலையிலிருந்து நேராகக் கை கால் முளைத்த ஆள், 7 முதல் 9-க்குள் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு. வயது கணக்கு ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். கிரேயானையே பிடிக்காமல் வந்த பிள்ளை 1-ம் வகுப்பில் கிறுக்கத்தான் செய்யும். பஸ்ஸின் பக்கச் சுவரைத் தாண்டித் தெரிகிற கால் அந்த மூன்றாவது படியின் அடையாளம். அவனுக்குத் தெரிந்ததை வரைகிறான், கண்ணில் படுவதை அல்ல. "இவர் எங்கே இறங்கணும்?" என்று கேளுங்கள், இன்னும் நாலு பேரை வரைவான். கவனம் தேவைப்படுவது 9 வயதுக்கு மேல். அப்போதுதான் "நிஜம் மாதிரி இல்லையே" என்று தாளைக் கசக்க ஆரம்பிப்பார்கள். புள்ளிக்கோலம் சார் சொன்ன பயிற்சி அங்கேதான் பொருந்தும்.

பிள்ளையின் தாளில் உங்கள் பென்சில் படவே கூடாது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வேறு தாளில் காட்டி, அதைக் கையோடு எடுத்துவிடுங்கள். ஆண்டு விழாக் கண்காட்சிக்கு "கொஞ்சம் டச் அப் பண்ணுங்க" என்பார்கள், பிடிகொடுக்காதீர்கள்.

கரும்பலகை:
ஒட்டு வேலைக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் 35 பேருக்கும் போதும். நேரே வெந்நீரில் மாவைப் போட்டால் உருண்டை உருண்டையாக நிற்கும். சுவரொட்டிக்காரர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பள்ளிக்கு ஆகவே ஆகாது. இரண்டு நாளில் புளித்துவிடும். வகுப்பன்று காலையில் காய்ச்சிக்கொள்ளுங்கள்.