பழைய நாதஸ்வர கேசட்: சுருதி இறங்குகிறது, பூஞ்சையும் இருக்கிறது

குடமுருட்டி:
1980-களில் கும்பகோணம் பக்கத்துக் கல்யாணங்களில் பதிந்த சி-60, சி-90 (60, 90 நிமிட) கேசட்டுகள் இவை. டெக்கில் போட்டால் அரைக் கட்டை, அதாவது ஒரு ஸ்வரஸ்தானம், இறங்கி ஒலிக்கிறது. நீட்டிப் பிடிக்கும் கார்வையில் ஸ்வரம் அலைகிறது. சிலவற்றில் நாடா ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அந்தக் காலத்துச் சாமான் அசையாது என்பார்களே, எதில் கோளாறு?

வெண்ணாறு:
அசையாதது ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரமும் இரும்புச் சட்டமும்தான். ரப்பருக்கு அந்த ஆயுசு கிடையாது.

அரைக் கட்டை இறங்கினால் வேகம் சுமார் 6% குறைவு. நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டிய நாடா. முதலில் மோட்டாரையும் ஃப்ளைவீலையும் இணைக்கும் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். தொய்ந்திருக்கும், இல்லையென்றால் தார் மாதிரி உருகியிருக்கும். பழைய பெல்ட்டை அளந்து புதுசு வாங்காதீர்கள், அது நீண்டு போனது. பெல்ட் ஓடும் வழியில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5% சின்னதாக வாங்குங்கள். உருகிய பிசினை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். கப்பியில் ஒரு பொட்டு நின்றாலும் சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஆடும். நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை (பிஞ்ச் ரோலர்) பளபளத்திருந்தால் அதுவும் வழுக்கும். அதற்கு சோப்புத் தண்ணீர் போதும்.

மோட்டார் முதுகில் வேகத் திருகு இருக்கும். பலர் முதலில் அதைத் திருகிவிட்டுத்தான் பெல்ட்டுக்கு வருகிறார்கள்! அது கடைசி வேலை, அதுவும் 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த டெஸ்ட் கேசட் வைத்து. பாரி (நீளமான, கீழ்ச்சுருதி) நாதஸ்வரம் பெரும்பாலும் 2, 2½ கட்டை என்பதை மட்டும் நம்பித் திருகக் கூடாது. பதிந்த அன்று பேட்டரி இறங்கியிருந்தால் இப்போது சுருதி ஏறித்தான் கேட்கும்.

அரசலாறு:
பூத்த கேசட்டை அப்படியே ஓட்டாதீர்கள். பூஞ்சை, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தொடாமல் மாசி, பங்குனியில் வெளியே உட்கார்ந்து, முகக்கவசத்தோடு செய்யுங்கள். திருகு வைத்த கூடு என்றால் சுருளை எடுத்து, உலர்ந்த மெல்லிய துணி நடுவே மெதுவாகக் கையால் சுற்றி, வேறு கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டிய கூட்டை விளிம்பில்தான் பிளக்க வேண்டும். சி-60 நாடா 18 மைக்ரான், சி-90 வெறும் 12. வெடுக்கென்று இழுத்தால் நீண்டுவிடும்.

சத்தம் மழுங்கினால் கூட்டின் வாயில் உள்ள கம்பளிப் பட்டை உதிர்ந்ததா என்று பாருங்கள். டால்பி (இரைச்சல் குறைப்பு) இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டாலும் சீவாளியின் கூர் போய்விடும்.

குடமுருட்டி:
பெல்ட் மாற்றாமல், கணினியில் ஏற்றிய பிறகு 6% கூட்டிவிட்டால்?

வெண்ணாறு:
சீராக இறங்கியிருந்தால் சரியாகும். உங்களுடையது அலைகிறதே, பெல்ட்டை மாற்றிவிட்டு ஏற்றுங்கள். மைக் துளையில் செருகாமல் லைன்-இன்னில். பதிவு அளவின் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள், தவில் தனி வரும்போது எகிறும்.