புதுப்பிப்பு: கார்பன் இழைப் பட்டையின் அதிர்வெண் ஏன் பொருந்தவில்லை

கார்பன் இழை–எப்பாக்சி பட்டையின் மூன்றாம் அதிர்வு முறையில் (பட்டை மூன்று வளைவுகளாக அதிரும் வடிவில்) கணக்கு காட்டிய அதிர்வெண், சுத்தியால் தட்டி அளந்ததைவிட மிக அதிகமாக இருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பட்டையைத் தாங்கும் தாங்கிகளே அதற்குக் காரணம் என்று நான் சந்தேகித்தது தவறு. நான் கணக்கிட்ட ஆய்லர்–பெர்னூலி சமன்பாடு பட்டையின் வளைவை மட்டும் பார்க்கிறது; சறுக்குப் பெயர்ச்சியை, அதாவது பொருளின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதை, கணக்கில் கொள்ளாததே காரணம். எஃகின் யங் குணகம் (இழுவைக்கு எதிரான விறைப்பு) அதன் விறைப்புக் குணகத்தைப்போல் (சறுக்குக்கு எதிரான விறைப்பு) ஏறத்தாழ 2.6 மடங்குதான், என் பட்டையிலோ இழையின் திசையில் 140, சறுக்கில் 5 கிகா பாஸ்கல், அதாவது 28 மடங்கு; ஆகவே இதில் சறுக்கைப் புறக்கணிக்க முடியாது. பொறியியலாளர் திமொஷென்கோ 1921-இல் அச்சமன்பாட்டில் சேர்த்த சறுக்கு உறுப்பை 5/6 என்ற திருத்தக் காரணியுடன் இட்டபோது, தடிமனைப்போல் 20 மடங்கு நீளமுள்ள, இரு முனைகளிலும் தாங்கிகளில் வைத்த அப்பட்டையின் முதல் அதிர்வெண் சுமார் 3 சதவீதமே குறைய, மூன்றாவது சுமார் 21 சதவீதம் குறைந்து அளவீட்டை ஒட்டி வந்தது. (முதலாவது ஏறத்தாழப் பொருந்தியதுதான் என்னை ஏமாற்றியது.) தணிப்பை (அதிர்வு தானே அடங்கும் அளவை) இன்னும் மாறிலியாகவே வைத்திருக்கிறேன்; எப்பாக்சிப் பிசினின் தணிப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால், அடுத்துத் திருத்த வேண்டியது அதுவே.