மாதுளைச் சவ்வின் துவர்ப்பு வயிற்றுக்கு நல்லதா?

கேள்வி:
என் அத்தைக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. தினமும் பாதி மாதுளை உரித்துக் கொடுப்பேன். முத்துக்களுக்கு நடுவே இருக்கும் மஞ்சள் சவ்வை நான் கிள்ளி எறிந்தால், "அந்தத் துவர்ப்புதாம்மா வயித்துக்கு நல்லது, போடாதே" என்று எடுத்து மெல்லுகிறார். உண்மையா? ஜூஸாகக் கொடுக்கலாமா?

பதில் 1:
அத்தை சொல்வதில் விஷயம் இருக்கிறது. அந்தத் துவர்ப்புக்குக் காரணம் எலாஜிடானின் என்ற பாலிபீனால், அதாவது செடிகொடிகளில் இருக்கும் ஒரு வகை வேதிப்பொருள். சிறுகுடல் அதை அப்படியே உறிஞ்சுவதில்லை. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கார்டோனிபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அதை உடைத்து யூரோலித்தின் என்ற சிறிய பொருளாக ஆக்குகின்றன, அதுதான் ரத்தத்தில் கலக்கும். ஆனால் எல்லார் குடலிலும் அந்தப் பாக்டீரியாக்கள் இருக்காது. ஒரே பழத்தைத் தின்கிற இருவருக்கு ஒரே பலன் கிடைக்காது.

ஜூஸ் வேண்டாம். வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை சட்டென்று ஏறும்.

பதில் 2:
துவர்ப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. எனக்கு ரத்தசோகை. கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு டீ குடிப்பேன். டீயின் பாலிபீனால் கீரையின் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறேன். கீரையில் எலுமிச்சை பிழிகிறேன், அது இரும்பு சேர உதவும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அத்தையும் சாப்பாடு முடிந்ததும் டீ கேட்பவர்தான், அதை மாற்றுகிறேன். சவ்வை இனி எறிய மாட்டேன்.

பதில் 1:
சரிம்மா. மாத்திரையை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.