புதுப்பிப்பு: கிழக்குதான், டிக்கெட் போட்டாச்சு
மேற்கு மத்தியதரைக்கடல் கப்பல் பயணமா, கிழக்கா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏறி அங்கேயே இறங்கும் கிழக்கு வழியைப் பிடித்துவிட்டேன். பார்சிலோனா, மார்சேய் எல்லாம் ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் மேற்கு வழி அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருப்பது சிவிட்டாவெக்கியா துறைமுகம், ஊருக்கு 70 கி.மீ.க்கு மேல், அம்மாவை வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓட முடியாது. கிழக்கு வழியிலோ துருக்கித் துறைமுகமான குஷாதாசியில் இறங்கினால், பழைய கிரேக்க-ரோமானிய நகர இடிபாடான எபேசஸ் 20 கி.மீ.தான்.

இடிப்பது கிரேக்கத் தீவான சான்டோரினி. கப்பல் கரைக்கு வராது, படகில் இறக்கிவிடுவார்கள், மேலே ஏற கேபிள் கார் வரிசை, இல்லையென்றால் 500க்கு மேல் படி (கழுதைச் சாணி இலவசம்). அன்று அம்மா கப்பலிலேயே இருப்பாராம்.

அப்புறம், துருக்கி போய்த் திரும்பவும் கிரீஸுக்குள் வருவதால் ஷெங்கன் விசா (கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும், நான் முதலில் கவனிக்கவே இல்லை.