கார்பன் அம்பில் வேன் (பின்பக்கம் ஒட்டும் சிறகு) நிற்கவில்லை: பசையை மாற்றுவதா, தண்டைத் தேய்ப்பதா?

தூணி
கார்பன் அம்புக்கு 2 அங்குல பிளாஸ்டிக் வேன், சாதாரண சூப்பர் குளூ. இலக்கில் ஓரம் பட்டாலே வேன் முழுசாகக் கழன்றுவிடுகிறது. காய்ந்த பசை வேனின் அடியில் கோடாக ஒட்டியிருக்கிறது, தண்டில் ஒன்றுமே இல்லை. ஒட்டும் முன் உலர்ந்த துணியால் துடைத்ததோடு சரி. வேறு பசை வாங்க வேண்டுமா? உப்புத்தாள் போட்டால் கார்பன் இழை கெட்டுவிடுமா?

நாண்விரல்
பசை எதில் தங்கியிருக்கிறது என்பதை முதலில் பார்த்தது நல்லது. வேனோடு வந்துவிட்டது என்றால் வேன் பிடித்திருக்கிறது, தண்டு பிடிக்கவில்லை. பசையை மாற்றினாலும் இதேதான் நடக்கும். தண்டின் மேல் தயாரிப்பின்போது தங்கிய வழுக்கும் படலமோ கை எண்ணெயோ இருக்கும்; உலர்ந்த துணி அதைப் பரப்பத்தான் செய்யும்.

பழைய பசை மிச்சம் இருந்தால் மழுங்கிய விளிம்பால் சுரண்டுங்கள். கூரான கத்தியைச் சாய்த்து அழுத்தினால் இழை வெட்டுப்படும். அப்புறம் 400 எண் உப்புத்தாளை ஈரமாக்கி, வேன் உட்காரும் இடத்தில் மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் மங்கியதும் நிறுத்திவிடுங்கள், இழை தெரியும்வரை போகக் கூடாது. ஈரமாகத் தேய்ப்பது முக்கியம்: கார்பன் தூசி மூச்சில் போகக் கூடாது, தோலிலும் அரிக்கும். முகக்கவசம், கையுறை இரண்டும் வேண்டும்.

கழுவியதும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மெல்லிய படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகு 91 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் தாளால், தாளில் கறுப்பு ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். அதன்பின் அந்த இடத்தை விரலால் தொடவே கூடாது. அசிட்டோனில் ஒரு துடைப்பு பரவாயில்லை, ஊறப்போட்டால் கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசின் பாதிக்கப்படலாம்.

சில தண்டுகளுக்குத் தேய்ப்பே தேவைப்படாது, ஆல்கஹால் போதும். தயாரிப்பாளர் சொன்னதைப் பாருங்கள்.

நாற்பதடி
வேனின் அடியையும் விடாதீர்கள். பிரைமர் (பசை பிடிக்க உதவும் அடிப்பூச்சு) பூசி வரும் வேன் என்றால் தொடாமல் அப்படியே ஒட்டலாம், ஆல்கஹால் போட்டால் பூச்சு போய்விடும். பூச்சில்லாத வேனுக்கு ஒரு துடைப்பும் பிரைமரும்.

பசையைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக் வேனுக்கும் கார்பனுக்கும் சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) வகைதான் என் தேர்வு, அதிலும் நடுத்தரக் கெட்டியானது. தண்ணீர் போன்றது ஓடிவிடும். வேனின் அடியில் தலைமயிர் அளவு ஒரே கோடு போதும். அதிகம் போட்டால் உள்ளே சீக்கிரம் உலராது, ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும், காய்ந்தபின் முறுகி உடையும். ஜிக்கில் (வேனை நேராக வைத்து ஒட்டும் கருவி) அழுத்தி 30 வினாடி பிடித்துவிட்டு அடுத்த வேனுக்குப் போகலாம். எய்வதற்கு ஒரு நாள் பொறுங்கள். கரைப்பான் வகைப் பசை என்றால் ஒவ்வொரு வேனும் ஜிக்கில் 15 முதல் 20 நிமிடம் இருக்க வேண்டும். பொறுமை இருந்தால் அதுவும் நல்லதுதான், வேன் கோணலாக உட்கார்ந்தால் திருத்த நேரம் கிடைக்கும்.

ஜிக்கில் வேனைக் கவ்வும் கிளாம்ப் சரியாக உட்காராததும் பெரிய காரணம். மெல்லிய தண்டில் வேனின் ஒரு முனை தூக்கி நிற்கும். பசை போடும் முன்பே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இடைவெளி தெரிகிறதா பாருங்கள்.

தூணி
நன்றி. தண்டில் வண்ண வினைல் ரேப் (அலங்கார பிளாஸ்டிக் ஒட்டுத்தாள்) சுற்றியிருந்தால்?

நாண்விரல்
ரேப் மேல் உப்புத்தாளும் வேண்டாம், அசிட்டோனும் வேண்டாம், சாயம் கரையும். ஆல்கஹால் துடைப்பு மட்டும். கரைப்பான் வகைப் பசையும் வினைலைச் சுருக்கலாம், ஒரு துண்டில் சோதித்துவிட்டு ஒட்டுங்கள்.

நாற்பதடி
வேன் ஒட்டியதும் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரு சிறு துளி பசை வையுங்கள், உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். வேன் கழன்ற அம்புகள் இலக்கின் ஓரத்தில் பட்டவை என்பதால், புதிதாக ஒட்டும் முன் ஒவ்வொரு தண்டையும் லேசாக வளைத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். 'சடக்' சத்தமோ சிம்பு நீட்டலோ இருந்தால் அந்த அம்பை எய்யாதீர்கள். உடைந்த தண்டு வில்லில் வெடித்தால் கையில் பாய்ந்துவிடும்.