பிரேக் சத்தத்துக்கு ஒரு பெயர் போதாது: கிறீச்சல், முனகல், உதறல்

காரைக்குடி, பிரேக் பட்டறை

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார் பிரேக் பராமரிப்புக்கென நாம் தொகுக்கும் தமிழ்க் கையேடு ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. வேலைச் சீட்டில் எல்லாரும் ‘பிரேக் சத்தம்’ என்றே எழுதுகிறோம். வண்டிக்காரர் சொல்வதும் அதுதான். ஆனால் மிதிக்கும்போது காதைக் கிழிக்கும் மெல்லிய குரல் ஒன்று. வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் வரும் கனத்த ஒலி இன்னொன்று. வேகத்தில் மிதித்தால் ஸ்டீயரிங்கும் பெடலும் ஆடுவது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். பெயர் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது: பேட் (வட்டில் அழுந்தி வண்டியை நிறுத்தும் உராய்கட்டை) மாற்று. புதுப் பேட் போட்ட சில நாளில் அதே குரல் திரும்புகிறது, வண்டிக்காரருக்குப் பேட் விலை வீண்.

மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். முதலாவதற்குக் ‘கீச்சு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டை, தமிழாசிரியர்

கீச்சு வேண்டாம். அது குருவிக்கும் கோழிக்குஞ்சுக்கும் உரிய சொல். இணையத்தில் ட்விட்டர் பதிவுக்கும் அதையே வழங்கிவிட்டார்கள். அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுபவர் பிரேக் பக்கத்துக்கு வந்து சேரமாட்டார்.

‘கிறீச்சிடு’ என்ற வினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எண்ணெய் காணாத கதவுக் கீல், கிணற்று உருளை, வண்டி அச்சு என்று ஒன்றோடொன்று உராய்ந்து எழும் ஒலிக்கு அதைத்தான் சொல்கிறோம். ஆக, ஒலியோடு உராய்வும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘கிறீச் கிறீச்’ என்று அடுக்கினால் அது வெறும் ஒலிக்குறிப்பு. அட்டவணையில் தலைப்பாக நிற்க ஒற்றைப் பெயர் வேண்டும். ‘கிறீச்சல்’ என்று கொள்ளலாம். கூச்சல், காய்ச்சல், பாய்ச்சல் வரிசையில் காது தானாக ஏற்கும் வடிவம். ‘கிரீச்’ என்று இடையின ரகரத்தோடும் பலர் எழுதுகிறார்கள். கையேடு முழுக்க வல்லின றகரம் என்று இப்போதே முடிவு செய்துகொள்வோம்.

மற்ற இரண்டுக்கும் சொல் சொல்லுமுன், அவை தன்மையில் எப்படி வேறுபடுகின்றன என்று பொறியியல் தரப்பிலிருந்து யாராவது விளக்குங்கள்.

காரைக்குடி, இயந்திரப் பொறியியல் ஆசிரியை

ஐயா கேட்டதற்கு: வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது.

கிறீச்சல் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, 16,000 வரைகூடப் போகும். 2,000 முதல் 5,000 வரையுள்ள பகுதியில் மனிதக் காது மிகக் கூர்மை என்பதால் அங்கே எழும் குரல்தான் அதிகம் உறுத்தும். இதில் சக்கரத்தோடு சுழலும் பிரேக் வட்டே (டிஸ்க்) மணியாகிறது. பேட் வட்டைப் பற்றிப் பற்றி வழுவும்போது நுண்ணிய அதிர்வு பிறக்கிறது. வட்டின் இயல் அதிர்வெண்ணும் (தட்டினால் அது தானாக அதிரும் எண்), பேட், பேட்டைப் பிஸ்டனால் வட்டில் அழுத்தும் காலிப்பர் ஆகியவற்றின் இயல் அதிர்வெண்ணும் நெருங்கி வந்தால் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. உராய்வுக் கெழு மாறாமலே இருந்தாலும் இப்படி நேரலாம். அதனால்தான் பழுதே இல்லாத புதுப் பிரேக்கும் சில வேளை கத்துகிறது.

கனத்த ஒலி சில நூறு ஹெர்ட்ஸ். ஆட்டோமேட்டிக் வண்டியில் பெடலை மெல்ல விடும்போது வண்டி ஊர்கிறதே, அப்போது கேட்கும். நிலையுராய்வு இயக்க உராய்வை விட அதிகம் என்பதால் பேட் ஒட்டுவதும் விடுவதுமாக இருக்கிறது. சஸ்பென்ஷன் அதைப் பெருக்கிக் காட்டுகிறது.

ஆட்டம் சக்கரச் சுழற்சியோடு கட்டுண்டது. டயர் சுற்றளவு 2 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14 சுற்று. வட்டில் தடிப்பான இடம் ஒன்றிருந்தால் 14 ஹெர்ட்ஸ், இரண்டிருந்தால் 28. வேகம் குறையக் குறைய இந்த எண்ணும் குறையும். கிறீச்சலின் சுருதியோ வேகத்தோடு இறங்காது, ஏனென்றால் அது வட்டின் சொந்தச் சுருதி. கையேட்டில் முதலில் சேர்க்க வேண்டிய சோதனை இதுதான். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி நிறமாலைச் செயலியை வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, 40 கிலோமீட்டரிலும் 20 கிலோமீட்டரிலும் மிதித்துப் பார்த்தால் போதும்.

சொல்: நடுவிலுள்ளதற்கு ‘உறுமல்’ என்றால் எஞ்சின் ஒலியோடு குழம்பும், குறிப்பாக ஸ்போர்ட்ஸ் காரில். ‘முனகல்’ சரியாக இருக்கும். மூன்றாவதைப் பட்டறையிலேயே ‘ஸ்டீயரிங் உதறுது’ என்றுதான் சொல்கிறார்கள். ‘உதறல்’ இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

காரைக்குடி, பிரேக் பட்டறை

மூன்றும் ஏற்பு. இனி ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்பதையும் அதே சொல்லின் கீழ் எழுதலாம்.

முனகல் என்றால் பிரேக்கைப் பிரிக்கவே வேண்டாம். பெரும்பாலும் மழை இரவுக்கு மறுநாள் காலையிலோ, குளிர்ந்த பேட்டிலோ கேட்கும். நாலு முறை மிதித்தால் போய்விடும். உதறல் என்றால், நுண்ணிய கோணலை முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜ் வேண்டும். வட்டின் வெளிவிளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே முள்ளை வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டரைத் தாண்டிய கோணலைச் சந்தேகிக்கலாம், இறுதி எல்லை அந்தந்த வண்டியின் பட்டறை நூலில் உள்ளது. அதற்கு முன் வட்டைக் கழற்றி ஹப் (வட்டும் சக்கரமும் பூட்டும் குடம்) முகத்தில் உள்ள துருவைச் சுரண்டுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச் செதிலே வட்டைக் கோணலாக்கும். பிறகு மைக்ரோமீட்டரால் வட்டைச் சுற்றி எட்டு இடங்களில் தடிப்பு பாருங்கள். வட்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போயிருந்தால் கடைசல் வேண்டாம், வட்டையே மாற்றுங்கள்.

கிறீச்சல் என்று எழுதினால் கை போக வேண்டிய இடங்கள் பேட்டின் முகம் (வட்டில் உரசும் பக்கம்), முதுகு (பிஸ்டன் தள்ளும் பக்கம்), காது (காலிப்பர் பள்ளத்தில் உட்காரும் முனை).

முகம் கண்ணாடிபோல் மின்னினால், பேட்டைப் பிணைக்கும் பிசின் சூட்டில் கசிந்து இறுகிவிட்டது என்று பொருள். நீண்ட இறக்கத்தில் லேசாக மிதித்தபடியே வந்தால் இப்படி ஆகும். 80 எண் உப்புத்தாளைச் சமமான கிரானைட் பலகையிலோ கண்ணாடியிலோ விரித்து, பேட்டை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். மினுக்கம் போனதும் நிறுத்த வேண்டும், 0.2 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கத் தேவையே வராது. உராய்பொருள் 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டாலோ, ஓரம் பொடிந்தாலோ, ஒரே அச்சின் நான்கு பேட்டையும் மாற்றுங்கள். தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், முகமூடி போடுங்கள். பேட்டின் இரு முனைகளிலும் கூர்விளிம்பு இருந்தால் அரத்தால் 45 பாகையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் சாய்த்துவிட வேண்டும். கூர்முனைதான் முதலில் வட்டைக் கொத்துகிறது.

முதுகில் இருப்பது ஷிம். இரண்டு எஃகுத் தகட்டுக்கு நடுவே ரப்பர் அடுக்கு. அதிர்வை அந்த ரப்பர் வெப்பமாக மாற்றிக் கரைக்கிறது. பழைய பேட்டிலிருந்து பிய்த்துப் புதியதில் ஒட்டினால் பசை பிடிக்காது, புது ஷிம்தான் போட வேண்டும். பசையுள்ள ஷிம்மின் அடியில் கிரீஸ் தடவினால் பசையே கழன்றுவிடும். பசையில்லாத ஷிம்முக்கு மட்டும், பிஸ்டன் தொடும் இடத்தில், அதிவெப்பம் தாங்கும் செராமிக் வகைப் பிரேக் பேஸ்ட்டை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். சேசிஸ் கிரீஸ் கூடவே கூடாது. கனிம எண்ணெய் பட்டால் பிஸ்டன் ரப்பர் ஊதிவிடும், பிஸ்டன் பின்வாங்காது, பேட் எந்நேரமும் உரசிக்கொண்டிருக்கும்.

ஸ்போர்ட்ஸ் காரில் அதிகம் ஏமாற்றுவது காது. நான்கு அல்லது ஆறு பிஸ்டன் உள்ள அலுமினிய நிலைக் காலிப்பரில், பேட் காது நகரும் பள்ளத்தில் எஃகுத் தகடு திருகியிருக்கும். தகட்டுக்கு அடியில் அலுமினியம் அரித்து வெண்பொடி சேர்ந்தால் தகடு மேலெழும்பிப் பேட்டை இறுக்கிவிடும். புதுப் பேட் போட்டும் கிறீச்சல் போகாத வண்டிகளில் முதலில் இங்கே பாருங்கள். தகட்டைக் கழற்றி, பொடியைச் சுரண்டி, புதுத் திருகில் பூட்டுப்பசை போட்டு மாட்ட வேண்டும். பேட்டை விரலால் தள்ளினால் தடையின்றி நகர வேண்டும், சுத்தியலால் தட்டித்தான் இறங்குகிறது என்றால் வேலை முடியவில்லை. பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் பிரேக் ஆயில் தொட்டியின் மட்டம் பாருங்கள், நிரம்பி வழிந்தால் பெயின்ட் போய்விடும். எல்லாம் மாட்டியபின் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

பந்தயத் தடத்துக்கான பேட்டைத் தெருவில் ஓட்டுபவர்களுக்கு ஒரே பதில்தான். உலோகம் மிகுந்த அந்தப் பேட் குளிர்ந்த நிலையில் கத்தும். தெருப் பேட்டுக்கு மாறுங்கள்.

பள்ளத்தூர், கார் பராமரிப்பவர்

அண்ணே சொன்னதோடு நம் ஊருக்கென்று ஒன்று சேர்க்க வேண்டும். இங்கே பல கார்கள் ஆண்டில் பெரும்பகுதி பெரிய வீட்டுக் கொட்டகையிலேயே நிற்கின்றன. பொங்கலுக்கும் கோயில் காரியத்துக்கும் குடும்பம் வரும்போதுதான் சாவி திரும்புகிறது. வட்டு வார்ப்பிரும்பு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதன்மேல் துரு ஏறுகிறது. பேட் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் பேட் வடிவத்திலேயே ஓர் அச்சு விழுகிறது. மற்ற இடத்துத் துரு பத்துப் பன்னிரண்டு மிதியில் போய்விடும். அந்த அச்சு போகாது, சுற்றுக்கொரு முறை கத்தும். இதற்கும் ஒரு பெயர் கொடுங்கள். ‘பேட் சுவடு’ என்று நான் சொல்வதுண்டு.

‘துரு’, ‘அரிமானம்’ இரண்டையும் கையேட்டில் பிரித்து எழுதவும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் ஊரில் இருந்துகொண்டு அதைக் குழப்பக்கூடாது. மேலே படிந்து தேய்த்தால் போவது துரு. உலோகத்தைத் தின்று குழி போட்டால் அரிமானம். சுவட்டில் நகத்தை ஓட்டினால் குழி தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் உப்புத்தாள் உதவாது.

நீண்ட நாள் நிறுத்துமுன் செம்மண் புழுதி போகக் கழுவி, பிறகு சில கிலோமீட்டர் ஓட்டிப் பிரேக்கை மிதித்து மிதித்து உலர்த்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

அடுத்து, புதுப் பேட்டையும் வட்டையும் ஒன்றுக்கொன்று இணக்கும் ஓட்டத்துக்கு என்ன சொல்? பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் வட்டெங்கும் சமமாகப் படிய வேண்டும். அந்தப் படலம் இல்லாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் செய்தும் கிறீச்சல் வரும். ‘பழக்கல்’ என்கிறேன்.

தேவகோட்டை, தமிழாசிரியர்

மாட்டைப் பழக்குவோம், குதிரையைப் பழக்குவோம், இரும்பைப் பழக்கலாமா என்று முதலில் தயங்கினேன். புதுத் தோசைக்கல்லைப் பழக்குகிறோமே! எண்ணெய் தடவிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றிப் படலம் பிடிக்கவைப்பது. செய்முறையும் நோக்கமும் அப்படியே பொருந்துகின்றன. ‘வட்டுப் பழக்கல்’ என்று முழுச்சொல்லாக எழுதுங்கள். அதன் செய்முறையை எண்களோடு தாருங்கள்.

காரைக்குடி, பிரேக் பட்டறை

வட்டுப் பழக்கல்: முதலில் வட்டை 120 எண் உப்புத்தாளால் ஒரே திசையில் கோடு விழாதபடி குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்து, விரல் படாமல் மாட்டுங்கள். 60 கிலோமீட்டரிலிருந்து 15க்கு மிதமாகப் பத்து முறை குறையுங்கள். அடுத்து 90லிருந்து 30க்கு, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வேலை செய்யாத அளவுக்கு அழுத்தமாக எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் ஓட்டுங்கள். எந்த முறையும் வண்டியை முழுக்க நிறுத்தாதீர்கள். சூடான பேட்டை நின்ற வட்டில் அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும், பிறகு உதறல் வரும். லேசான புகையும் வாடையும் இயல்பு. முடிந்ததும் பதினைந்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். திருமயம் சாலையில் விடிகாலையில், பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்த பிறகே ஒவ்வொரு முறையும் மிதியுங்கள். பேட் பெட்டியில் தயாரிப்பாளர் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதுவே முதன்மை.

காரைக்குடி, இயந்திரப் பொறியியல் ஆசிரியை

ஒரு திருத்தம் மட்டும். கார்பன் செராமிக் வட்டு உள்ள வண்டிகளுக்கு உப்புத்தாள் பகுதி பொருந்தாது, அந்த வட்டின் மேற்பரப்பைத் தேய்க்கவே கூடாது. வார்ப்பிரும்பு வட்டுக்கு மட்டும் என்ற வரி ‘வட்டுப் பழக்கல்’ பதிவின் முதல் வரியாக வரட்டும். ‘காலிப்பர்’, ‘ஷிம்’, ‘பேட்’ மூன்றையும் இப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உதிரிபாகக் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் பொருள் கைக்கு வரும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.