"முழுக்க ஒரிஜினல்" எல்-7: அடியில் இருக்கும் துளை கணக்கில் வராதா?

தேக்குமரம்:
நேற்று விற்பனைப் பகுதியில் கலமசூ48 போட்ட அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "1948 கிப்சன் எல்-7 கிட்டார், 17 அங்குலம், செதுக்கிய ஸ்ப்ரூஸ் முகம், மேப்பிள் முதுகு, முழுக்க ஒரிஜினல், 5,800 டாலர்." ஆறாவது படத்தைப் பெரிதாக்குங்கள். கம்பிகளின் வால் முனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் அடியில், தோள்பட்டை வாரை மாட்டும் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில், கேபிள் செருகும் ஜாக் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாத அகூஸ்டிக்காக வெளிவந்த, வளைந்த முகமுள்ள ஆர்ச்டாப்புக்கு ஜாக் எங்கிருந்து வந்தது? யாரோ துளைத்திருக்கிறார்கள். துளைத்ததை "முழுக்க ஒரிஜினல்" என்று விற்பதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. மட்டுறுத்துநர் படிப்பார் என்பதால் எழுதவில்லை.

கலமசூ48:
வணக்கம் அண்ணா. ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு தனிமடல் போட்டிருக்கலாம். அங்கே ஃபேக்டரியிலேயே துளை உண்டு. இல்லையென்றால் அந்தக் குமிழ் எதில் நிற்கும், காற்றிலா? இருந்த துளையைக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. முகத்தில் வெட்டு கிடையாது, மேல்பூச்சு பழையது, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ், டெயில்பீஸ், கம்பியை முறுக்கும் ட்யூனர் எல்லாம் அதனுடையவை.

தேக்குமரம்:
"கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறார்கள்." இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறேன். தோடு போட்ட காதில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை பண்ணிவிட்டு, துளை ஏற்கெனவே இருந்ததுதானே என்பீர்களா?

எஃப்_இரண்டு:
என் பாட்டி பாம்படம் போட்டவர். காதுத் துளையில் கட்டைவிரல் தாராளமாகப் போகும். அவர் ஒரிஜினல் பாட்டிதான் சார்.

புதுக்கம்பி:
நான் புதியவன். ஒரு சந்தேகம். "ஒரிஜினல்" என்றால் இங்கே என்ன பொருள்? ஃப்ரெட் மாற்றினால் ஒரிஜினல் இல்லையா? பெட்டி வேறு என்றால்? அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

தேக்குமரம்:
பாம்படத்தை விற்கவில்லை எஃப்_இரண்டு, கிட்டாரை விற்கிறார். பேச்சை மாற்ற வேண்டாம். துளை இருக்கிறதா, இல்லையா?

பசைக்கை:
பழுது பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குமிழுக்கான துளை கூம்பு போலச் சரிந்து போகும், குமிழ் உராய்வில் இறுகி நிற்கும். ஜாக்குக்குப் போடுவது நேர்த்துளை, அரை அங்குலத்துக்குக் கிட்ட வரும். முகத்தில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளை வழியே பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரிச் சின்னக் கண்ணாடியையும் ஒரு விளக்கையும் விட்டு உள்ளே, குமிழ் நிற்கும் அடிக்கட்டையைப் பாருங்கள். எழுபது எண்பது வருட மரம் தேன் நிறத்தில் இருக்கும். பிறகு துளைத்த விளிம்பு மட்டும் வெளுத்துத் தெரியும், சில சமயம் சிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும். எத்தனையோ பழைய ஆர்ச்டாப்புகளில் இதைப் பார்த்திருக்கிறேன். மேப்பிள் கட்டை வைத்து அடைத்துத் திரும்பக் கூம்புத் துளை போட்டுக் குமிழை மாட்டிவிடலாம், அரை நாள் வேலை. முகத்தை வெட்டி, கம்பியதிர்வை மின்சாரமாக்கும் ஹம்பக்கர் பிக்கப் பதித்ததோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் தம்பி, அறிவிப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கலமசூ48:
அக்கா சொல்வது சரி. சேர்த்துவிடுகிறேன்.

தேக்குமரம்:
பார்த்தீர்களா? "சேர்த்துவிடுகிறேன்." அப்படியானால் இவ்வளவு நேரம் இல்லை! இன்னொன்று தெரியுமா? அதே 1948 வாக்கில் கிப்சனே பிக்கார்டில், அதாவது முகத்தைக் கீறலிலிருந்து காக்கும் தகட்டில், பிக்கப் பொருத்தி விற்றது, மெக்கார்ட்டி யூனிட் என்பார்கள். கேபிளும் பிக்கார்டிலேயே மாட்டும். மரத்தில் கை வைக்காமல் மின்சாரம் ஏற்றுவதற்கு அவர்களே அவ்வளவு யோசித்தார்கள். கிப்சனின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் எல்-7ஐ வடிவமைத்தபோது அந்தப் பெட்டி அதிரும் விதத்தை நினைத்துத்தான் ஒவ்வொரு...

சுருதி_டொராண்டோ:
அண்ணை, ஒரு நிமிடம். லோர் 1924இலேயே கிப்சனை விட்டுப் போய்விட்டார். அவர் காலத்தது 1922இல் வந்த எல்-5. எல்-7 வந்தது 1930களில். அந்த ஆள் எப்படி எல்-7ஐ வடிவமைப்பார்?

தேக்குமரம்:
பரம்பரையைச் சொன்னேன் தம்பி. எல்-5 இல்லாமல் எல்-7 உண்டா? அப்பன் பெயரைச் சொன்னால் பிள்ளையைச் சொன்ன மாதிரிதான்.

சுருதி_டொராண்டோ:
நீங்கள் எழுதியது "எல்-7ஐ வடிவமைத்தபோது". மேலேயே கிடக்கிறது, இன்னும் அழிக்கவில்லை.

தேக்குமரம்:
அழிக்கவும் மாட்டேன். நான் நியூயார்க் கென்மேர் தெரு 40ஆம் எண் வாசலில், ஆர்ச்டாப் செய்த ஜான் டி'ஆஞ்சலிகோவின் கடை இருந்த அதே இடத்தில் நின்றவன். ஆர்ச்டாப் பற்றி எனக்கு டொராண்டோவிலிருந்து வகுப்பு வேண்டாம்.

எஃப்_இரண்டு:
அவர் 1964இல் போய்ச் சேர்ந்தார். நீங்கள் நின்றது எப்போது சார்? நானும் தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் நின்றிருக்கிறேன். இன்னும் ஒரு கோபுரம்கூடக் கட்டவில்லை.

யாழ்நெறி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் "கிட்டார்" என்று எழுதுகிறீர்கள். ஸ்பானியச் சொல்லின் ஒலிக்கு நெருக்கமானது "கித்தார்". ஆர்ச்டாப்பையும் "குவிமுகக் கித்தார்" எனலாம்.

எஃப்_இரண்டு:
குவிமுகம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி இருக்கிறதே. இந்த இழைக்குப் பொருத்தம்தான்.

யாழ்நெறி:
நகைப்பதால் பிழை சரியாகிவிடாது.

கலமசூ48:
தேக்குமரம் அண்ணாவுக்கு இந்தத் துளை மீது இவ்வளவு அக்கறை ஏன் என்று எனக்குத் தெரியும். சில வருடம் முன்னால் இவரிடமிருந்து ஒரு எபிஃபோன் ட்ரையம்ஃப் ஆர்ச்டாப் வாங்கினேன். "தொட்டிலில் குழந்தையை வைப்பது போலக் கட்டியிருக்கிறேன்" என்றார். ஆர்ச்டாப்பில் பிரிட்ஜை ஒட்டுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இவர் ஆறு கம்பியையும் முழுக்கத் தளர்த்தி, பிரிட்ஜுக்கு அடியில் ஒரு துணிகூட வைக்காமல் அனுப்பினார். பெட்டியைத் திறந்தேன். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம். பிரிட்ஜ் முகத்தில் உருண்டு உருண்டு மூன்று பள்ளம். ஒன்று சரியாக எஃப் துளை ஓரத்தில். விலையைக் குறைத்துத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். வந்த பதில் என்ன தெரியுமா? "பழைய கருவி என்றால் தழும்பு இருக்கும்."

தேக்குமரம்:
அது கூரியர்காரன் தூக்கிப் போட்டது. அப்போதே சொன்னேன். அந்தப் பள்ளம் துளை இல்லை. வார்த்தையைக் கவனியுங்கள்: பள்ளம். துளை வேறு.

பசைக்கை:
கூரியர் தூக்கிப் போட்டாலும் துணி வைத்திருந்தால் பள்ளம் விழாது. கம்பியைப் பாதி தளர்த்த வேண்டும், பிரிட்ஜ் நின்ற இடத்தை டேப்பால் குறித்துவிட்டு, அடியில் துணி கொடுத்துத்தான் கட்ட வேண்டும்.

தேக்குமரம்:
மேடம், உங்களை யாரும் கேட்கவில்லை.

எஃப்_இரண்டு:
அக்கா சாதகமாகப் பேசும் வரை அக்கா. இப்போது மேடம்.

பசைக்கை:
அவர் ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அது கலமசூ தம்பி.

புதுக்கம்பி:
மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்...

சுருதி_டொராண்டோ:
உங்கடை சண்டை ஒரு பக்கம் கிடக்கட்டும். கலமசூ, நான் உண்மையிலேயே வாங்குகிற எண்ணத்தில் இருக்கிறன். துளை எனக்குப் பெரிய விஷயம் இல்லை, 400 டாலர் குறைத்தால் போதும். என் கவலை எல்லை கடப்பதுதான். அந்தக் காலத்து, விரல் அழுத்தும் ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட் ஆக இருந்தால், அது 1992இலிருந்து, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2019இல் இசைக்கருவிகளுக்குக் கொடுத்த விலக்கு இந்த மரத்துக்குப் பொருந்தாது. அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு வர உரிமப் பத்திரம் வேண்டும். எடுத்துத் தருவீர்களா?

கலமசூ48:
விண்ணப்பம் நான் போடுகிறேன் அண்ணா, கட்டணத்தைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம். ஆனால் 400 முடியாது. 200.

தேக்குமரம்:
துளை பெரிய விஷயம் இல்லையாம்! ஃப்ரெடி கிரீன் 1937 முதல் 1987 வரை, ஐம்பது வருடம், கவுண்ட் பேஸி ஜாஸ் பாண்டில் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸ் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து ரிதம் வாசித்தார். ஆம்ப்ளிஃபையரை நம்பியா வாசித்தார்? அவர் கிட்டாரின் அடியில் ஜாக் இருந்ததா? ஆறு கம்பியின் இழுப்பும் டெயில்பீஸ் வழியாக அந்த அடிக்கட்டையில்தான் வந்து நிற்கிறது. அங்கேயே அரை அங்குல ஓட்டை! வாங்குங்கள், வாங்கிவிட்டு அழுங்கள்.

பசைக்கை:
அடிக்கட்டை அந்தத் துளையால் பிளந்து நான் இதுவரை பார்த்ததில்லை. வெப்பத்தில் விட்ட பெட்டிக்குள் பசை விட்டுப் பிரிந்துதான் பார்த்திருக்கிறேன்.

தேக்குமரம்:
நீங்கள் பார்க்காததெல்லாம் உலகத்தில் இல்லை என்று அர்த்தமா? சரி. இதுதான் இந்த இழையில் என் கடைசிப் பதிவு. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

யாழ்நெறி:
"பாண்டு" அல்ல, இசைக்குழு.

எஃப்_இரண்டு:
கடைசிப் பதிவுக்கு இரங்கல். கணக்குக்காக ஒன்று: எல்-7இல் மொத்தம் மூன்று துளை. இரண்டு எஃப், ஒன்று அடியில். மூன்றும் ஃபேக்டரி போட்டது. ஒன்று மட்டும் வயதுக்கு வந்திருக்கிறது.

தேக்குமரம்:
இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை. ட்யூனருக்கு ஆறு துளை யார் கணக்கில்? எண்ணத் தெரியாதவர்கள் எல்லாம் கிட்டார் பேச வந்துவிட்டார்கள். கலமசூ, அறிவிப்பை இப்போதுதான் பார்த்தேன். "எண்ட்பின் குமிழ்த் துளை சற்று அகலமானது" என்று சேர்த்திருக்கிறீர்கள். "முழுக்க ஒரிஜினல்" அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒரே பத்தியில் எப்படி நிற்கும்?

கலமசூ48:
நிற்கும் அண்ணா. உங்கள் ட்ரையம்ஃப் அறிவிப்பில் "சிறு தேய்மானம்" நிற்கவில்லையா?

தேக்குமரம்:
அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். மில்லிமீட்டர் தெரிய வேண்டும். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

சுருதி_டொராண்டோ:
கலமசூ, 300 என்றால் இன்றைக்கே முன்பணம் அனுப்புறன். பெட்டியும் அந்தக் காலத்தது தானா?